பதினேழு காலடி

"எந்தக் கை?" என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

மோதிரத்தைத் தொலைத்துவிட்டு ஏரிக்கரையில் நிற்பவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, தோளில் தொங்கும் மெட்டல் டிடெக்டரைத்தான் பார்ப்பார்கள். அதை உடனே மணலில் வைத்து ஆட்டத் தொடங்கவேண்டும் அவர்களுக்கு. நான் அதைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்துகொள்வேன். எந்தக் கையில் போட்டிருந்தீர்கள்? கடைசியாகக் கண்ணால் கண்டது எப்போது? தண்ணீருக்குள் இறங்கினீர்களா, எவ்வளவு ஆழம், இடுப்பா நெஞ்சா? வெயில் முகத்தில் அடித்ததா, முதுகிலா? யார் பக்கத்தில் நின்றது? இந்தக் கேள்விகளுக்கு அரை மணித்தியாலம் போகும். அந்த அரை மணித்தியாலம்தான் தேடல். பிறகு நடப்பது நடைதான்.

போன ஆவணியில் ஒரு தம்பி கூப்பிட்டிருந்தார். ஸ்காபரோவில் இருந்து ஒரு மணித்தியாலத் தூரத்தில் ஒரு கரை. கல்யாண மோதிரம். இரண்டு நாளாகக் குடும்பமாக நின்று கையால் மணலை அளைந்திருக்கிறார்கள். அளையக்கூடாது. மனிதன் பதறிக்கொண்டு மிதிக்க மிதிக்கப் பொருள் இன்னும் கீழே போகும். தங்கம் தண்ணீரைவிட 19 மடங்கு பாரம், மணல் இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே. அலை கிளறினாலும் கால் கிளறினாலும் தங்கம் இறங்கிக்கொண்டேயிருக்கும், கெட்டிக் களியோ கூழாங்கல்லோ தாங்கிப்பிடிக்கும்வரை.

"இடது கை, அண்ணை. கரையிலை சீலை விரிச்சு இருந்த இடத்திலைதான் விழுந்திருக்கும். அங்கைதான் கழட்டி வைச்சனான் எண்டு நினைக்கிறன்."

"நினைக்கிறீங்களா, தெரியுமா?"

அவர் பேசாமல் நின்றார். நான் மெல்ல மெல்லக் கேட்டுக்கொண்டு வந்தேன். இரண்டு வயது மகனைத் தண்ணீருக்குள் தூக்கி எறிந்து எறிந்து பிடித்திருக்கிறார். பிள்ளை சிரித்த சிரிப்பை மனைவி கரையில் நின்று படம் எடுத்திருக்கிறா. படத்தைப் பார்த்தோம். அதில் விரலில் மோதிரம் இருந்தது. அடுத்த படத்தில் கை நனைந்து மேலே போகிறது, மோதிரம் இல்லை. குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும். வெயிலுக்குப் பூசுகிற களிம்பு வழுக்கும். இரண்டும் சேர்ந்தால், ஐந்து வருஷமாகக் கழற்ற வராமல் இறுகிக் கிடந்த மோதிரமும் சத்தமில்லாமல் போய்விடும். படத்தில் பின்னால் தெரிந்த மிதவையை வைத்து இடத்தைக் குறித்தோம். மூன்றாம் நாள் பின்னேரம், நெஞ்சளவு தண்ணீரில், ஒரு சாண் மணலுக்குக் கீழே கிடந்தது. உள்பக்கத்தில் 585 என்று பொறித்திருந்தது. அதாவது 14 கரட். எங்கள் ஆட்களுக்கு இது பவுணே அல்ல, எங்களுக்குப் பவுண் என்றால் 22 கரட், 916. ஆனால் அந்தத் தம்பி அதை வாங்கி வாய்க்குள் போட்டுக்கொண்டு அழுதார். மறுபடி தண்ணீரில் விழுந்துவிடும் என்ற பயம்.

கரைக்கு வந்தபிறகு அவர் கேட்டார்: "கழட்டி வைச்சனான் எண்டு சத்தியம் பண்ணியிருப்பன். எனக்கு ஏன் அப்பிடித் தெரிஞ்சது?"

அது இன்னொரு நாள் கழற்றி வைத்தது. அவர் பொய் சொல்லவில்லை. அந்த ஞாபகமும் உண்மைதான், வேறொரு நாளின் உண்மை. இதை எனக்குக் கற்பித்தது அம்மா.

இந்தக் கருவியை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் அம்மா அதன் வட்டத்தட்டைத் தடவிப் பார்த்தார். அப்போது அவருக்கு எழுபது தாண்டியிருந்தது, நினைவு கூர்மையாக இருந்தது. இது எப்படி வேலை செய்யும் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தட்டுக்குள் செப்புக்கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் மாறிமாறி ஓடும்போது மண்ணுக்குள் காந்தப்புலம் ஒன்று இறங்கும். கீழே உலோகம் இருந்தால் அதற்குள் ஒரு சின்ன மின்சுழி எழும்பும். அந்தச் சுழி தன் பங்குக்கு ஒரு புலத்தைத் திருப்பி அனுப்பும். இன்னொரு சுருள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். திரும்பி வருவதில் எவ்வளவு சுணக்கம் என்பதை வைத்து இரும்பா, செம்பா, வெள்ளியா என்று ஒரு இலக்கம் காட்டும்.

"தங்கத்துக்கு என்ன இலக்கம்?"

அதுதான் சங்கடம். சின்ன மோதிரத்துக்கு வருகிற இலக்கம்தான் வெள்ளித்தாள் துண்டுக்கும் வரும், சோடாப் பேணியைத் திறக்கும் வளையத்துக்கும் வரும். தங்கம் வேண்டுமென்றால் குப்பையை எல்லாம் கிண்டத்தான் வேண்டும், வேறு வழியில்லை. மோதிரம் முழு வட்டமாக இருந்தால் மின்சுழி சுற்றிவர ஓடும், சத்தம் நன்றாகக் கேட்கும். உடைந்த மோதிரத்தில் சுழி அறுந்துவிடும், சத்தம் பலவீனம். மெல்லிய சங்கிலி அதைவிட மோசம். ஒவ்வொரு கண்ணியையும் கருவி தனித்தனிப் பொட்டாகத்தான் காணும். கழுத்து நிறையக் கிடந்த சங்கிலி மண்ணுக்குள் போனால் கொக்கி மட்டும்தான் சத்தம் போடும்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "கொடி தெரியுமோ?" என்றார்.

யாழ்ப்பாணத்துத் தாலிக்கொடி மெல்லிய சங்கிலி அல்ல. முறுக்கிய கயிறு மாதிரித் தடிப்பு. ஏழு, ஒன்பது, பதினொன்று என்று ஒற்றைப்படைப் பவுணில் செய்வார்கள். ஒரு பவுண் 8 கிராம். அம்மாவினது ஒன்பது பவுண். தெரியும் அம்மா, கட்டாயம் தெரியும் என்றேன்.

"அப்ப எங்கடை வளவிலை இது வேலை செய்யும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்தான் சொன்னார், இருபது வருஷத்துக்கு மேல் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததை, கடைக்குச் சாமான் எழுதிக் கொடுப்பதுபோல. "கிணத்துக்கட்டிலை இருந்து பதினேழு காலடி. முருங்கைக்கு வடக்கை. முழங்கால் ஆழம்."

அந்த இரவு எனக்கும் தெரியும். பாதி தெரியும்.

1990 ஆனி மாதம். எனக்குப் பதினான்கு வயது. வசாவிளானுக்குப் பக்கத்தில் எங்கள் வளவு. செம்பாட்டுத் தறை. வெங்காயமும் புகையிலையும் அப்படி வாய்க்கும். கையில் எடுத்தால் குங்குமம் மாதிரி ஒட்டும் மண். சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. சுற்றிவர ஷெல் விழுந்துகொண்டிருந்தது. அப்பா ஒரு உரப்பைக்குள் உடுப்புகளையும் காணி உறுதிகளையும் அடுக்கினார். அம்மா என்னைப் படலையடிக்கு அனுப்பினார்.

"றோட்டைப் பாத்துக்கொண்டு நில். ஆரும் வந்தால் இருமு. இஞ்சாலை திரும்பாதை."

நான் திரும்பவில்லை. அந்தக் கீழ்ப்படிவை நினைத்து எத்தனையோ தடவை வருந்தியிருக்கிறேன். கண்ணுக்கு ஒன்றுமில்லை, காதுக்கு மட்டும் இருந்தது. அலவாங்கு மண்ணில் இறங்கும் சத்தம், சொத் சொத்தென்று மெதுவாக. ஒருமுறை கல்லில் பட்டு ணங் என்றது. பிறகு சிரட்டையால் மண் வழிக்கும் சத்தம். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. தூரத்தில் நாய் ஊளையிட்டது. பிறகு துலா கிறீச்சிட்டது, வாளி இறங்கி ஏறியது, தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. மறுபடி துலா. மறுபடி தண்ணீர். மூன்று வாளி. கைகால் கழுவுகிறார் என்று நினைத்தேன்.

விடிய நாங்கள் நடக்கத் தொடங்கியபோது அம்மாவின் பாதங்களில் செம்மண் கணுக்கால்வரை அப்பிக் காய்ந்திருந்தது. செருப்புவாரின் கீழேயும் செம்மண். அதைக் கண்டது நினைவிருக்கிறது. அதைப்பற்றி யோசித்தது நினைவில்லை. பதினான்கு வயதில் தாயின் பாதத்தைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு, அதில் தாலி மட்டும். கொடி இல்லை.

"இரண்டு கிழமையிலை திரும்பியிடுவம்" என்று ஆச்சி சொன்னா. ஆச்சி சொன்ன இரண்டு கிழமை 25 வருஷமானது. ஆச்சி இல்லை, அப்பாவும் இல்லை.

அந்தக் கொடியைப் பற்றி அம்மா சொல்வதெல்லாம் அப்பாவைப் பற்றித்தான் இருக்கும். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு முதல் நல்லநாள் பார்த்து மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்குவார்கள். பத்தர் வந்து நெருப்பெடுத்து ஊதுகுழலால் ஊதி, தட்டில் வைத்துக் கொடுத்த தங்கநாணயத்தை உருக்குவார். அந்தப் பொன்னில்தான் தாலி. பொன் உருகிய நாளில் இருந்து தாலி கட்டும்வரை மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடாது. அப்பா அந்த நாள்களிலெல்லாம் மணியை அடித்துக்கொண்டு எங்கள் ஒழுங்கையால் சைக்கிளில் போய்வந்தாராம். "பாக்கேல்லை. மணி மட்டும்தான் கேட்டனான்" என்று அம்மா சொல்வார். எண்பது வயதிலும் அதைச் சொல்லும்போது முகம் திரும்பிக்கொள்ளும்.

கொடியோடு இரண்டு சோடி காப்பு, ஒரு பதக்கம் சங்கிலி, அம்மம்மாவின் அட்டியல். கையோடு கொண்டுபோன மிச்ச நகைகள் ஒவ்வொன்றாக அடைவுக்குப் போய் மீளாமல் அறுதியாகின. நான் கனடா வந்தது அக்காவின் சங்கிலியில். ஆகவே மண்ணுக்குள் கிடந்தது மட்டும்தான் செலவாகாமல் இருந்தது. அம்மா அதை வங்கியில் கிடப்பதைப்போலத்தான் பேசுவார். தொலைந்தது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

வலிகாமம் வடக்குக் காணிகளில் ஒரு பகுதி 2015 இல் உயர் பாதுகாப்பு வலயத்தில் இருந்து விடுபட்டது. எங்கள் வளவும் அதற்குள் வந்தது. நான் போனேன். கருவியைக் கொண்டுபோகவில்லை. இலங்கைக்குள் அதைக் கொண்டுபோக அனுமதி எடுக்கவேண்டும், மண்ணுக்குள் இருப்பதைத் தேடித் தோண்டுவதற்கும் சட்டம் இருக்கிறது. புதையல் தோண்டப் போய்ப் பிடிபட்டவர்களின் செய்தி பத்திரிகைகளில் அடிக்கடி வரும். "தம்பி, ஸ்கேனர் கீனர் எண்டு கொண்டுவந்து எங்களையும் மாட்டிவிடாதை" என்று மாமா தொலைபேசியில் கெஞ்சினார். அந்தச் சட்டத்தில் எனக்குக் குறையில்லை. அந்த மண்ணுக்குள் நகை மட்டுமா கிடக்கிறது?

ஒரு அலவாங்கோடும் அம்மாவின் பதினேழு காலடியோடும் போனேன்.

வீடு இல்லை. இடிந்த வீட்டைப் பார்க்க மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு போயிருந்தேன். இடிபாடுகூட இல்லாமல் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அத்திவாரம் இல்லை, மதில் இல்லை, பலா இல்லை, மாமரம் இல்லை. மேடும் பள்ளமும் இடம்மாறிக் கிடந்தன. நாயுண்ணிப் பற்றையும் முள்ளும் ஆளுயரத்துக்கு நின்றன. ஊர்ச்சனம் எல்லாம் கையில் கத்தியோடு பற்றை வெட்டிக்கொண்டு தங்கள் தங்கள் கிணற்றைத் தேடினார்கள். சுண்ணாம்புக் கல்லை வெட்டி இறக்கிய கிணற்றை யாரும் தூக்கிக்கொண்டு போகமுடியாது. தூர்ந்தாலும் வட்டம் தெரியும். பக்கத்து வளவு அண்ணை சொன்னார், "எங்களுக்கு இனிக் கிணறுதான் விலாசம்." எங்கள் கிணற்றையும் அவர்தான் கண்டுபிடித்துத் தந்தார். பாதிக்கு மேல் கல்லும் மண்ணும் போட்டு மூடிக் கிடந்தது.

கிணற்றுக்கட்டு இருந்த இடத்தில் ஒரு பக்கமாக நின்று அதைப் படம் எடுத்தேன். பிறகு பதினேழு காலடி வைத்தேன். அம்மாவின் காலடி என் காலடியைவிடச் சின்னது, ஆகவே குறைத்து வைத்தேன். முருங்கை எங்கே நின்றது? எனக்கு முருங்கை நினைவில் இல்லை. நான்கு திசையிலும் பதினேழு பதினேழாக நடந்தேன். நடந்த இடத்திலெல்லாம் அலவாங்கால் குத்தினேன். கல், வேர், ஒரு சப்பாத்தின் அடி, ஒரு துருப்பிடித்த பிணைச்சல். பிணைச்சல் எங்கள் வீட்டு யன்னலினதாக இருக்கலாம். அதைக் கொண்டுவந்தேன். இப்போதும் என் மேசையில் இருக்கிறது.

மூன்றாம் நாள் மட்டுவிலுக்குப் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தா. சாப்பிட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். பதினேழு காலடி என்றதும் பெரியம்மா அகப்பையைக் கீழே வைத்தா.

"கிணத்துக்கட்டிலை இருந்து பதினேழு காலடி, முருங்கைக்கு வடக்கை. அது இஞ்சையடா தம்பி! இந்தியன் ஆமியோடை சண்டை நடந்த நேரம் நீங்கள் எல்லாம் இஞ்சை வந்து நிண்டனீங்கள். அப்ப கொம்மாவும் நானும் சேந்து தாட்டனாங்கள். நான்தான் காலடி எண்ணினனான். பிறகு கார்த்திகையிலை நாங்களே கிண்டி எடுத்தாச்சு."

குசினி யன்னலால் காட்டினா. முருங்கை இன்னும் நின்றது. அதன் வடக்கே வெள்ளை மணல். அங்கே இப்போது ஒரு கத்தரிப் பாத்தி.

1987 இன் குழியை அம்மா 1990 இன் குழி என்று சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். முதல் தரம் புதைத்ததை அவர் எண்ணிப் புதைத்தார், எடுத்தார், அது வெற்றி. அந்த எண் மனதில் தங்கிவிட்டது. இரண்டாம் தரம் இருட்டில், தனியாக, எண்ணுவதற்கு யாருமில்லாமல். பழைய எண் புதிய குழிக்குள் போய் இருந்துகொண்டது.

விமானத்தில் திரும்பி வரும்போது கார்ஃபீல்டை நினைத்துக்கொண்டேன். இந்தக் கருவியின் கதையைத் தேடிப் படிக்கிற எவரும் அவரிடம் வந்துசேர்வார்கள். 1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். ஒரு குண்டு உடம்புக்குள் நின்றுவிட்டது. எக்ஸ்கதிர் கண்டுபிடிக்கப்படாத காலம். தொலைபேசியைச் செய்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், உலோகத்தை ஒலியால் அறியும் கருவி ஒன்றைச் செய்து அவர் படுக்கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். கருவி நல்ல கருவி, வேறு ஆட்களின் உடம்பில் இருந்த குண்டுகளை அது காட்டியது. இங்கே காட்டவில்லை. மெத்தைக்குள் இருந்த இரும்புச் சுருள்கள் சத்தத்தைக் குழப்பின. அதைவிடப் பெரிய காரணம் வைத்தியர் பிளிஸ். குண்டு வலப்பக்கத்தில்தான் நிற்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வலப்பக்கம் மட்டும்தான் தேடவிட்டார். செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்ட் இறந்தார். அறுத்துப் பார்த்தபோது குண்டு இடப்பக்கம் இருந்தது.

பெல்லுக்காக எனக்கு இன்றைக்கும் மனம் நோகும். சரியான கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, பிழையான பக்கத்தில், காதைக் கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

எதிர்மாறாகவும் நடக்கும். லண்டனில் அக்காவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போவேன். ரோமன் பிரித்தானியக் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. 1992 நவம்பரில் சஃபோக் மாவட்டத்தில் ஹொக்ஸ்ன் என்ற ஊரில் ஒரு விவசாயி தன் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். எரிக் லோஸ் என்ற நண்பரிடம் கருவியைக் கொண்டுவந்து தேடித்தரச் சொன்னார். சுத்தியலைத் தேடப் போன மனிதருக்கு அகப்பட்டது 14,000 க்கு மேற்பட்ட ரோமன் நாணயங்களும் தங்க நகைகளும். அவர் முழுவதையும் அள்ளிக்கொண்டு போகவில்லை, நிறுத்திவிட்டு அறிவித்தார். அதனால் தொல்லியலாளர்கள் வந்து பெட்டி கிடந்த மாதிரியே எடுத்தார்கள். மரப்பெட்டிக்குள் சின்னப் பெட்டிகள், அவற்றுக்குப் பூட்டுகள். கிறிஸ்துவுக்குப் பின் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கம், ரோமன் ஆட்சி பிரித்தானியாவில் குலைந்துகொண்டிருந்த காலம். யாரோ ஒரு குடும்பம் மிகக் கவனமாக அடுக்கிப் புதைத்திருக்கிறது. திரும்பி வருகிற எண்ணத்தோடு அடுக்கியது என்று பார்த்தாலே தெரியும். சுத்தியலும் பிறகு அகப்பட்டது. அதையும் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள்.

அங்கே ஒரு காப்பு இருக்கிறது. தங்கத்தகட்டில் எழுத்தை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஜூலியானா என்ற பெண்ணின் பெயர், அவள் இதைச் சந்தோஷமாக அணியவேண்டும் என்ற வாழ்த்து. அந்தப் பெட்டிக்கு முன்னால் நான் நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒரு நாள் வரும். ஆயிரத்து அறுநூறு வருஷமாக ஜூலியானா யாருக்கும் சொல்லாத காலடிக் கணக்கு ஒன்று இருந்திருக்கும்.

மைத்துனியின் மகள் முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்கிறாள். தலையில் முகமூடித் தொப்பி, நெஞ்சில் கனத்த அங்கி, அந்த வெயிலுக்குள் முழந்தாளில் இருந்து ஒரு சாண் ஒரு சாணாக நகர்கிற வேலை. அங்கே இந்த வேலையில் பெண்கள் நிறையப் பேர், போரில் புருஷனை இழந்தவர்கள் பலர். அவர்களுடைய கருவியும் என்னுடையதும் ஒரே குடும்பம். கையில் தூக்கித் திரியும் கண்ணிவெடி காட்டியை 1941 இல் செய்தவர் யூசெஃப் கொசாட்ஸ்கி என்ற போலந்து அதிகாரி, நாடு பறிபோய்ப் பிரித்தானியாவில் ஒதுங்கியிருந்தவர். அடுத்த வருஷம் எல் அலமைன் பாலைவனத்தில் அது படைக்கு வழி திறந்தது. அவர் அதற்குக் காப்புரிமை கேட்கவில்லை, கொடுத்துவிட்டார்.

அவளிடம்தான் கேட்டேன். காணி விடமுதல் இவர்களைப் போன்றவர்கள் எங்கள் வளவையும் பார்த்திருப்பார்களே, அகப்பட்டிருக்காதா?

"முழங்கால் ஆழமெண்டால் தட்டுப்பட்டிராது, மாமா. நாங்கள் பாக்கிற ஆழம் அவ்வளவு இல்லை. செம்மண்ணிலை இரும்புக் குணம் வேறை, மண்ணே கத்தும். டோசர் ஓடின நிலமெண்டால் மேலை வந்திருக்கலாம், கீழை போயிருக்கலாம்."

ஜொனி மிதிவெடி மரப்பெட்டியில் செய்தது, அதில் உலோகம் மிகக் குறைவு. ஆகவே கருவியைக் கூர்மையாக வைத்துக்கொண்டுதான் தேடுவார்கள். ஒவ்வொரு ஆணிக்கும் அது கத்தும். ஒவ்வொரு ஆணியையும் வெடி என்று நினைத்துத்தான் கிண்டவேண்டும். நானும் மண்ணில் சத்தம் கேட்கிறேன், மோதிரமாக இருக்கும் என்று ஆசையோடு குனிகிறேன். அவள் அதே சத்தத்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிகிறாள். ஒரு நாள் சின்னப் பிள்ளையின் கொலுசு ஒன்று வந்ததாம், ஒற்றைக் கொலுசு.

"என்ன செய்தனீ?"

"எழுதிப் பதிஞ்சு குடுத்தன், மாமா. அண்டைக்கு மத்தியானம் சாப்பிடேல்லை."

மட்டுவில் கதையை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. ஊரில் இருந்து வந்ததும் ஒரே கேள்விதான் கேட்டார்: "கிணறு இருக்குதோ?" இருக்குது என்றேன். "அப்ப காணும்" என்றார். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மறதி வந்தது. முதலில் சாமான்களின் பெயர், பிறகு கிழமை, பிறகு எங்கள் முகங்கள். என்னை அப்பாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நாள்கள் உண்டு. பதினேழு காலடி மட்டும் போகவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். குளிக்கவார்க்க வருகிற பராமரிப்புப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது, அவளுக்கும் சொல்வார், அவளும் தலையாட்டிக் கேட்பாள்.

இந்த வைகாசியில் ஒரு காலை அம்மாவின் கைகளில் காப்பு இல்லை. இங்கே வந்தபிறகு நாங்கள் செய்து போட்ட இரண்டு காப்பு. கட்டிலைப் புரட்டினோம், குப்பையைக் கொட்டிப் பார்த்தோம். அந்தப் பராமரிப்புப் பிள்ளையின் முகத்தை ஒரு கணம் வேறு மாதிரிப் பார்த்துவிட்டேன். அவள் அதை உணர்ந்தாள். அதற்காக அவளிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன். அவள் பரவாயில்லை என்றாள். எனக்கு அது போதவில்லை.

அம்மாவிடம் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்தும் கேட்டேன். எந்தக் கையால் கழற்றினீர்கள்? எப்போது? அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கால்கள் என் கண்ணில் பட்டன. வீட்டுச் செருப்பின் ஓரத்தில் மண்.

கருவியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். இருபது அடிக்கு முப்பது அடி நிலம். வேலி ஆணிகள், முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன வெள்ளித்தாள்கள், ஒரு பழைய சாவி. தக்காளிப் பாத்தியில் இல்லை. அப்பிள் மரத்தடியில் இல்லை. சுவரோரம் தண்ணீர்க்குழாய் சொட்டிக்கொண்டிருக்கிற இடத்தில், புதினா அடர்ந்து நிற்கிற மூலையில், கருவி ஓங்கிச் சத்தம் போட்டது. முழு வட்டத்தின் சத்தம்.

மண் ஈரம். கிண்டின அடையாளம் ஒரு துளியும் இல்லை. ஒரு சாண் ஆழத்தில் ஒரு ஜாம் போத்தல். மூடிக்கு மேல் பொலித்தீன் சுற்றி, நூலால் வரிந்து கட்டி, சாமியறை மெழுகுதிரியை உருக்கி விளிம்பை அடைத்திருந்தது. உள்ளே, ஒன்றோடொன்று தட்டுப்படாமல் சீலைத்துண்டால் தனித்தனியே சுற்றிய இரண்டு காப்பு. தேநீர்க் கோப்பையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று மறந்துபோன கைகள் இதைச் செய்திருந்தன.

"மூடு, மூடு. ஆரும் பாக்கப் போகினம்."

அம்மா படிக்கட்டில் நின்றார். குரலில் முதுமை இல்லை.

"ஏனம்மா இதுக்குள்ளை வைச்சனீங்கள்?"

"காய்ஞ்ச நிலத்திலை கிண்டினால் விடியத் தெரியும். தண்ணி ஓடுற இடத்திலை தெரியாது. வைச்சு மூடிப்போட்டு மேலாலை ஊத்திவிடவேணும், ராவோடை ராவா எல்லாம் ஒரே நிறமாப் போயிடும்."

துலா கிறீச்சிட்டது எனக்குக் கேட்டது. மூன்று வாளி. கால் கழுவாத தண்ணீர். கிணற்றுக்கட்டில் குளிக்கிற தண்ணீர் ஓடிப்போய் விழுகிற வாழைப்பாத்தி கட்டில் இருந்து மூன்றடி தூரம்கூட இல்லை. வருஷம் முழுக்க அந்த மண் காய்ந்ததே கிடையாது. 2015 இல் கிணற்றைப் படம் எடுக்க நான் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றேனே, அந்தப் பக்கம்.

"வாழைக்குள்ளையா அம்மா?" என்றேன். "எங்கடை வளவிலை, வாழைக்குள்ளையா வைச்சனீங்கள்?"

அம்மா படியிறங்கி வந்தார். என்னைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "படலையடியிலை தம்பி நிக்கிறான்" என்றார். "கெதியா மூடு."

போத்தலைத் திருப்பி வைத்தேன். மண்ணைத் தள்ளினேன், புதினாவை நிமிர்த்தினேன். அம்மா குழாயடியில் இருந்த வாளியை எடுத்து நிரப்பினார். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து மெல்ல ஊற்றினார். திரும்பிப் போய் மறுபடி நிரப்பினார். நான் முழந்தாளில் இருந்தபடியே எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று.